ஸ்கேனில் ஒன்றும் இல்லை

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். நரம்பு மண்டலப் பாடம் வந்தால் எனக்குத் தனி குஷி. போர்டில் நியூரான் வரைவதில் அறந்தாங்கி வட்டாரத்திலேயே என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒரு திமிர் உண்டு. செல் உடல், அதிலிருந்து கிளைகள், நீளமாக ஒரு வால், வால் நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. சிவப்பு சாக்பீஸில் அம்புக்குறி போட்டு, "சேதி இந்த வழியாத்தான் போகும். வழி நல்லா இருந்தா சேதி போயே தீரும்" என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். அந்த இரண்டாவது வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நானாகச் சேர்த்தது. அதை வைத்துத்தான் ஒருத்தியின் குடும்பத்தை அறுத்தேன்.

அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. ஆவுடையார்கோவில் போகிற வழியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருக்கிற ஊரில், ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் ஏழு வருஷம் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு உரக்கடை. கொழுந்தன் துபாயில். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ஒரே மகள், அப்போது ஆறு வயது. காலை ஏழரை பஸ்ஸுக்கு நான் ஓடும்போது வாசலில் டிபன் பாக்ஸோடு ஒரு கை நீளும். அது அவள் கை. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வாங்கிக்கொண்டு ஓடுவேன்.

ஒரு ஐப்பசியில், குழாயடிப் பாசியில் வழுக்கிக் குடத்தோடு விழுந்தாள். வலது கணுக்கால் வீங்கியது. எண்ணெய் போட்டு நீவினோம், மூன்று நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. நாலாம் நாள் காலையில் எழுந்தவள் வலது காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. தரையில் இழுபட்டது. "அக்கா, கால் எங்கிட்டோ போயிருச்சுக்கா" என்று சிரித்தாள். முதல் நாள் அவளுக்கே அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அவள் கால் நின்றதும் என் வேலை கூடியது. நாலரை மணிக்கு எழுந்து உலை வைத்து, இரண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அவள் மகளுக்குச் சடை பின்னி, அப்புறம் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அவள் மேல் எனக்கு இருந்த சந்தேகத்துக்குப் பெயர் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், வேர் அந்த நாலரை மணிதான். இதை இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தோம். மூளை, முதுகுத்தண்டு இரண்டும். ரிப்போர்ட்டை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வரிக்கு வரி நார்மல். ஸ்கேன் சென்டர் வாசலில் வைத்தே மாமியாரிடம், "ஒண்ணும் இல்ல அத்தே. எல்லாம் சுத்தமா இருக்கு" என்றேன். நல்ல சேதி சொல்கிற குரலில் நான் அதைச் சொல்லவில்லை. களவு கண்டுபிடித்த குரலில் சொன்னேன். மாமியாருக்கு அது போதும்.

"அப்ப இம்புட்டு நாளா நடிச்சிருக்கா."

அவள் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்தது. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனது என் வீட்டுக்காரர். நானும் மாமியாரும் கூடப் போனோம். டாக்டர் அவளைப் படுக்கவைத்து வலது குதிகாலுக்கு அடியில் தன் கையை வைத்தார். "கையை நல்லா அழுத்துங்கம்மா" என்றார். முகம் சிவக்க முக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளது இடது முழங்காலைத் தன் இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப இந்தக் காலைத் தூக்குங்க, நான் விட மாட்டேன்" என்றார். அவள் இடது காலைத் தூக்கப் பாடுபட்டபோது, வரவே வராது என்று இருந்த வலது குதிகால் அவர் கையை மெத்தையோடு அழுத்தியது. அவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா? மூளையிலிருந்து கால் வரைக்கும் வழி நல்லா இருக்கு. அவங்க கவனம் வேற எடத்துல இருக்கும்போது சேதி தன்னால போகுது. வேணும்னு அனுப்புனா போகல. இது நடிப்பு இல்லீங்க, நோய்தான். ரோடு நல்லா இருக்கு, பஸ் வரலைன்னு வச்சுக்கங்க. வர வச்சிரலாம்."

"ரோடு நல்லா இருக்குல்ல டாக்டர்? அது போதுங்க" என்றார் மாமியார்.

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், பாவி மகள். தனக்கு இருப்பது நோய்தான் என்று ஒரு பெரிய டாக்டர் வாயால் சொல்லிவிட்டார், இனி வீட்டில் நம்புவார்கள் என்று நினைத்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து, "நீங்க பாத்தீங்கல்லக்கா, நீங்க பாத்தீங்கல்ல" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பார்த்தேன் என்றேன். நான் பார்த்தது வேறு. கால் வேலை செய்வதைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து டாக்டரின் சோதனையை மாமியார் எடுத்துக்கொண்டார். யார் வந்தாலும் சரி. பக்கத்து வீட்டுக்காரி, பால்காரி, துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்த பங்காளி வீட்டுப் பொம்பளைகள். "இங்க வா, படு" என்று அவளைப் பாயில் படுக்கவைப்பார். இடது காலை அமுக்குவார். வந்தவர்களை வலது குதிகாலுக்கு அடியில் கை வைக்கச் சொல்வார். "அழுத்துதா? அழுத்துதுல்ல? தூங்குறவளை எழுப்பலாம், தூங்குற மாதிரி கெடக்குறவளை எழுப்ப முடியுமா?" சிலர் சிரிப்பார்கள். சிலர் கையைச் சேலையில் துடைத்துக்கொள்வார்கள். அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். நானும் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தேன். நன்றாகவே அழுத்தியது.

ரிப்போர்ட் கசங்காமல் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொண்டுவந்தேன். மாமியார் அதைக் காலண்டர் ஆணியில் மாட்டினார். எழுத்துத் தெரியாத அந்த அம்மாள் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தட்டுத் தட்டுவார்.

இன்னொன்றும் செய்தேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்று வகுப்பில் அனிச்சைச் செயல் நடத்தியிருந்தேன். சூடு பட்டால் கை தானாக இழுத்துக்கொள்ளும், அந்தச் சேதி முதுகுத்தண்டோடு திரும்பிவிடும், மூளைக்கு அங்கே வேலை இல்லை என்று நானே படம் போட்டுச் சொல்லியிருந்தேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து சோறு வடித்தபோது, தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் வலது கால் பக்கம் கஞ்சியைக் கொஞ்சம் ஊற்றினேன். கை தவறியதுபோல ஊற்றினேன். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. "இப்ப மட்டும் எப்புடி வருது?" என்றேன். அவள் கத்தவில்லை. அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். "அக்கா" என்றாள். அவ்வளவுதான். காலையில் நடத்திய பாடம் சாயந்தரம் எனக்கே மறந்துபோனது. படிச்சது ராமாயணம், இடிச்சது பெருமாள் கோயில் என்பார்களே, அது சாட்சாத் நான்தான்.

அறந்தாங்கியில் ஒரு பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் போய்வந்தாள். அந்தப் பெண் ஒரு யுக்தி கண்டுபிடித்தாள். முன்னால் நடக்கச் சொன்னால் நின்றுவிடுகிற கால், பின்னால் நடக்கச் சொன்னால் வந்தது. "முன்னால நடக்குறது எப்பவும் போற தடம், அதுல போய் மாட்டிக்கிது. பின்னால நடக்கையில மூளை வேற மாதிரி அனுப்புது. இப்புடியே பழக்கி, பக்கவாட்டுல நடக்க வச்சு, மெல்ல முன்னால திருப்பிரலாம்" என்று என்னிடம் விளக்கினாள். போகும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னாள். "டீச்சர், அவங்க நடக்கையில யாரும் காலையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. பாத்தா நின்னுரும்."

இரண்டு வாரத்தில் அவள் பின்னாலேயே நடந்து அடுப்படி போனாள், குளியலறை போனாள். துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கொடிக்குப் போனாள். தலையை லேசாகத் திருப்பி, சுவரைத் தடவி, ஒழுங்காக, இழுக்காமல் நடந்தாள். அவள் மகளும் கூடவே பின்னால் நடந்து விளையாடும். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "பேய்க்குத்தாண்டி பின்னால போகத் தெரியும்! பின்னால நடக்கத் தெரிஞ்சவளுக்கு முன்னால நடக்கத் தெரியாதா?" என் வாய் சும்மா இருந்ததா? "யாரும் பாக்கலைன்னா முன்னாலயும் நடப்பா அத்தே. பாத்தாத்தான் நிக்குமாம், அந்த பிசியோதெரபிப் பொண்ணே சொல்லிருக்கு" என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

தை மாதம் மாமியார் முடிவுக்கு வந்தார். குலதெய்வக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு ஒரு முறை உண்டு. சத்தியம் செய்கிறவர் யார் கையையும் பிடிக்காமல், கம்பு ஊன்றாமல், தன் காலால் நடந்து சாமி முன்னால் போய், கல்லில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய்யென்றால் சாமி பார்த்துக்கொள்ளும். செய்யமாட்டேன் என்றால் அப்போதே பொய். அவள் செய்ய வேண்டிய சத்தியம், தனக்குக் கால் வரவில்லை என்பது. கால் வரவில்லை என்று சத்தியம் செய்யக் காலால் நடந்து வா என்கிறோம்! நடந்தால் பொய்க்காரி. நடக்காவிட்டாலும் பொய்க்காரி. பங்காளிகள் இருபது பேர் நின்றார்கள், டாக்டர் சொன்னதைக் காதால் கேட்ட என் வீட்டுக்காரர் நின்றார், எம்.எஸ்சி., பி.எட். படித்த நான் நின்றேன். ஒருத்தர் வாயிலிருந்து ஒரு கேள்வி வரவில்லை.

கொழுந்தன் வீடியோ காலில் இருந்தார். போனைப் பிடித்திருந்தது நான். தோற்றால் அவள் தாய்வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை இங்கேயே இருக்கும் என்று முதல் நாளே பேசி முடித்திருந்தார்கள். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில் நின்றாள். சாமிக்கும் அவளுக்கும் பதினைந்து அடி இருக்கும். காலை எடுத்து வைத்தாள். வலது கால் இழுபட்டு நின்றது. மறுபடி வைத்தாள், மறுபடி நின்றது. எல்லோரும் அந்தக் காலையே பார்த்தோம். வியர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது. யாரோ ஒரு கிழவர், "கற்பூரம் தீரப்போகுது" என்றார்.

அவள் திரும்பினாள். முதுகைச் சாமிக்கும் முகத்தை எங்களுக்கும் காட்டிக்கொண்டு, பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாள். ஒரு அடி பிசகவில்லை. பதினைந்து அடியையும் நடந்து, கல்லருகே போய்த் திரும்பி, கற்பூரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. தோல் பொசுங்கிய வாடை எனக்கே வந்தது.

"சாமிக்கு முதுகைக் காட்டி வந்துட்டாளே! அடி பாதகத்தி, சாமிக்கு முதுகைக் காட்டிட்டாளே!" மாமியார் மண்ணை வாரி இறைத்தார். கூட்டம் முனகியது. போனுக்குள்ளிருந்து கொழுந்தன் கேட்டார்.

"அண்ணி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்கதான் படிச்சவங்க. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். அவளுக்கு நெசமாவே முடியலையா?"

அவள் பொசுங்கிய கையை இடுப்போடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் குடும்பம் முழுக்க அந்த நேரத்தில் என் நாக்கில் இருந்தது. டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல தம்பி. நரம்பெல்லாம் நல்லா இருக்கு. நரம்பு நல்லா இருந்தா கால் நடந்துதான் ஆகணும்."

அதோடு முடிந்தது. விபூதி வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினோம். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்று நாலு அடி பின்னாலேயே நடந்து, பிறகு திரும்பினோம். இருபது பேரும் அப்படித்தான் நடந்தோம், எங்களை யாரும் பேய் என்று சொல்லவில்லை.

மறுநாள் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து அவள் அண்ணன் வேன் எடுத்து வந்து கூட்டிப்போனார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்து அனுப்பினோம். சாயந்தரம் வந்த பிள்ளை வீடு முழுக்கத் தேடியது. பிறகு வாசலில் போய்ப் பின்னால் பின்னால் நடந்தது. நான் முதுகில் ஒரு அடி வைத்து உள்ளே இழுத்து வந்தேன்.

மூன்று வருஷம் அந்தப் பிள்ளையை நான்தான் வளர்த்தேன். நன்றாகவே வளர்த்தேன். அது என்னை ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. அது கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஒருநாள் ஆசிரியர் அறையில், பள்ளிக்கு வருகிற அறிவியல் பத்திரிகை ஒன்றில் ஒரு புழுவைப் பற்றிப் படித்தேன். மண்ணில் கிடக்கிற நூல் மாதிரிப் புழு, ஒரு மில்லிமீட்டர். அதற்கு நரம்பு செல்லே முந்நூறு சொச்சம்தான். எந்த செல் எந்த செல்லோடு சேர்கிறது என்று முழுவதையும் வரைந்து வைத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு செல்களை ஒவ்வொன்றாகத் தூண்டிவிட்டுப் பார்த்தால், சேதி போகிற விதம் வரைபடம் சொல்கிறபடி இல்லையாம். இணைப்பு இருக்கிற இடத்தில் போகாமல் நிற்கிறது. இணைப்பே இல்லாத இடத்துக்கு, செல் கக்குகிற ரசாயனம் வழியாகப் போய்ச் சேர்கிறது. ஒரே இணைப்பில் ஒரு நேரம் பலமாக, ஒரு நேரம் மந்தமாக. முழுப் படத்தையும் கையில் வைத்திருந்தும், படத்தை மட்டும் பார்த்து அந்தப் புழு என்ன செய்யும் என்று சொல்ல முடியவில்லை.

பத்திரிகையை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மில்லிமீட்டர் புழுவை அதன் வரைபடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நான் ஒரு பொம்பளையை ஒரு கறுப்பு பிலிமை வைத்துத் தீர்ப்புச் சொன்னேன். அடுத்த பீரியடுக்கு பெல் அடித்தது, போகவில்லை.

மாமியாரிடம் சொன்னேன். "புழுவையும் பொம்பளையையும் ஒண்ணாச் சொல்றியாக்கும்" என்று வெற்றிலையைத் துப்பினார். கொழுந்தனுக்குப் போன் செய்து டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் மூன்று வருஷம் கழித்துச் சொன்னேன்.

"அப்ப நீங்கதானே அண்ணி சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

"நான் ஒங்கள நம்பித்தானே அண்ணி..." அழுதார். மேலும் ஒரு வாரம் விடாமல் பேசினேன். கடைசியில், "என் மொகத்தைப் பாக்க அவ சம்மதிக்க மாட்டா. பிள்ளையாவது அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். பள்ளியில் டி.சி. வாங்கினேன். காலண்டர் ஆணியில் தொங்கியதைக் கழற்றி அடுப்பில் போட்டேன். அது எரியாமல் சுருண்டு நாறியது.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒப்படைப்பது என்று அவள் அண்ணன் மூலம் பேச்சு. பிள்ளையைப் புதுக்கவுன் போட்டுக் கூட்டிப்போனேன். அவள் குணமாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கீரனூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறாளாம். மனதுக்குள் எனக்கு ஒரு கூத்து ஓடியது. அவள் வருவாள், நான் கையைப் பிடித்து அழுவேன், அவளும் அழுவாள், மன்னித்துவிட்டதாகச் சொல்வாள். இவ்வளவு செய்துவிட்டும் எனக்கு அந்த ஆசை வேறு.

புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. இறங்கினாள். தோளில் பை. கூட்டத்துக்கு நடுவில் நேராக, வேகமாக, எல்லோரையும் போல நடந்து வந்தாள். வலது கால் இடது கால், வலது கால் இடது கால். என் கண் என்னை அறியாமல் அந்தக் காலுக்குத்தான் போனது. அப்போது அவள் என்னைப் பார்த்தாள்.

வலது கால் நின்றுவிட்டது.

பத்தடி தூரம் இருக்கும். இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். செருப்பு தரையில் இழுபட்டது. பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளங்கையில் கற்பூரம் பட்ட இடம் வெளுத்துத் தெரிந்தது. மகள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை அம்மாவின் காலைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. மூன்று வருஷம் நான் சோறூட்டிய பிள்ளை. அதட்டாமல், கோபமில்லாமல், மாட்டை ஒதுங்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னது:

"பெரியம்மா, நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கங்க. நீங்க பாத்தா அம்மாவுக்குக் கால் வராது."

திரும்பிக்கொண்டேன். எதிரே பஸ் நேரம் எழுதிய பலகை இருந்தது. ஆவுடையார்கோவில், மீமிசல், கட்டுமாவடி என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் கேட்டது, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பெரிய செருப்பு ஒரு இடத்திலும் இழுபடவில்லை. பஸ் கிளம்பிப் போகும்வரை நான் திரும்பவில்லை.